ஆறாவது விரலும் மடிந்த நூலும்: உட்கருவுக்குள் டிஎன்ஏ எப்படி மடிகிறது? ஒரு முழுமையான வழிகாட்டி

ஆறு விரல்களோடு பிறக்கும் குழந்தையை அதிர்ஷ்டசாலி என்று சொல்லும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. அந்தக் கூடுதல் விரல் கட்டைவிரல் பக்கம் முளைத்திருந்தால், சில குடும்பங்களில் அதற்குக் காரணம் 7ஆம் குரோமோசோமில் நிகழ்ந்த ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து மாற்றம். விரல்களின் எண்ணிக்கையையும் வரிசையையும் நிர்ணயிக்கும் சானிக் ஹெட்ஜ்ஹாக் என்ற மரபணுவும் அதே குரோமோசோமில்தான் இருக்கிறது. ஆனால் எழுத்து மாறியது அந்த மரபணுவுக்குள் இல்லை. அதிலிருந்து ஏறத்தாழ 10 லட்சம் எழுத்துகள் தள்ளி, சம்பந்தமே இல்லாத வேறொரு மரபணுவின் நடுவே மாறியிருக்கிறது. அந்த இடத்தில் சிறியதொரு தூண்டிப் பகுதி இருக்கிறது. கரு வளரும்போது கைகால் மொட்டில் சானிக் ஹெட்ஜ்ஹாக்கை இயக்குவது அதுதான். ஆய்வாளர்கள் அதை இசட்ஆர்எஸ் என்று அழைக்கிறார்கள். 2016இல் எலியின் இசட்ஆர்எஸ் வரிசையை எடுத்துவிட்டுப் பாம்பின் வரிசையை அங்கே வைத்துப் பார்த்தார்கள். எலிக்குட்டிக்குக் கைகால்கள் குட்டையாகி முடங்கிப்போயின.

அவ்வளவு தூரத்தில் இருக்கும் துண்டு ஒரு மரபணுவை எப்படித் தொடும்? டிஎன்ஏ நூலை நேராக நீட்டி வைத்துக்கொண்டு யோசித்தால் விடை கிடைக்காது. நூலை மடியுங்கள், இரண்டு இடங்களும் பக்கத்தில் வந்துவிடுகின்றன. அந்த மடிப்பு எப்படி உண்டாகிறது என்பதைச் சிறிய அளவிலிருந்து பெரிய அளவுக்குப் படிப்படியாகப் பார்ப்போம். கடைசிப் படியில், சானிக் ஹெட்ஜ்ஹாக் இருக்கும் அதே இடத்தின் மடிப்பு வரைபடத்தை நீங்களே திறந்து வாசிப்பீர்கள்.

பிளஸ் டூ உயிரியல் தெரிந்திருந்தால் போதும். ஒரு முழ நீளத் தடிமனான தையல் நூல், ஒரு சாவி வளையம், இரண்டு காகிதத் துண்டுகள் ஆகியவற்றைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நான்காம் படியில் தேவைப்படும்.

படி 1: அளவுகளை மனதில் நிறுத்துங்கள்

தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த இரண்டு தொகுதிகளையும் சேர்த்தால், பெரும்பாலான மனித உயிரணுக்கள் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 620 கோடி எழுத்து இணைகள் இருக்கின்றன. ஓர் இணைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.34 நானோமீட்டர். பெருக்கிப் பாருங்கள்: இரண்டு மீட்டருக்குச் சற்று அதிகம். இது தங்கியிருக்கும் உட்கருவின் விட்டம் பத்து மைக்ரோமீட்டர் அளவுதான்.

இந்த எண்கள் கண்ணுக்குப் பிடிபடாது என்பதால், எல்லாவற்றையும் பத்தாயிரம் மடங்கு பெரிதாக்குங்கள். உட்கரு, உரித்த சிறு தேங்காய் அளவுக்கு வரும், பத்து சென்டிமீட்டர். அதற்குள் இருக்கும் நூலின் நீளம் இருபது கிலோமீட்டருக்கு மேல். நூலின் கனமோ 20 மைக்ரோமீட்டர்தான், தலைமுடியைவிட மெல்லியது. அது ஒரே நூலும் அல்ல, 46 துண்டுகள். மிக நீளமான 1ஆம் குரோமோசோம் 850 மீட்டர் இருக்கும். மிகச் சிறிய 21ஆம் குரோமோசோம் சுமார் 160 மீட்டர். சானிக் ஹெட்ஜ்ஹாக்குக்கும் அதன் தூண்டிப் பகுதிக்கும் இடையே மூன்றரை மீட்டர் நூல் இருக்கிறது.

எல்லோரும் இங்கே "இவ்வளவு நீளத்தை எப்படி அடைத்தது?" என்றுதான் வியக்கிறார்கள். கணக்குப் போட்டால் அந்த வியப்பு கொஞ்சம் இடம் மாறும். டிஎன்ஏ நூலின் மொத்தக் கன அளவு ஆறு கன மைக்ரோமீட்டரைச் சற்றே தாண்டும். உட்கருவின் கன அளவோ ஐந்நூறுக்கு மேல். அதாவது நூல் பிடிக்கும் இடம் நூற்றில் ஒன்று சொச்சம். அடைப்பது மட்டும்தான் வேலை என்றால், கசக்கித் திணித்தாலே போதும். ஆனால் அந்த இருபது கிலோமீட்டரில் குறிப்பிட்ட ஓர் அங்குலத்தை வேண்டிய நேரத்தில் பிரித்துப் படிக்க வேண்டும். பிரிவுக்கு முன் எட்டு மணி நேரத்துக்குள் முழுவதையும் ஒரு முறை நகலெடுக்க வேண்டும். பிறகு 46 ஜோடிகளையும் சிக்கில்லாமல் பிரித்துக் கொடுக்க வேண்டும். எந்த எழுத்து எந்த எழுத்தைச் சந்திக்கலாம், எது எதை நெருங்கவே கூடாது என்பதையும் தீர்மானிக்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை, மடிப்பின் முதன்மையான வேலை இந்தக் கடைசித் தீர்மானம்தான். இனி வரும் ஒவ்வொரு படியையும் அந்தக் கண்ணோடு படியுங்கள்.

படி 2: முதல் சுற்று, நியூக்ளியோசோம்

டிஎன்ஏவின் முதுகெலும்பில் இருக்கும் பாஸ்பேட்டுகள் எதிர்மின் சுமை கொண்டவை. ஒன்றையொன்று விலக்கும். அப்படியே விட்டால் நூல் விறைத்து நிற்கும்; நெருங்கி மடியாது. அதைச் சமன் செய்ய நேர்மின் சுமை நிறைந்த புரதங்கள் வேண்டும். அவைதான் ஹிஸ்டோன்கள். ஆல்பிரெக்ட் கோசல் 1884இல் கூஸ் வகை வாத்தின் சிவப்பணுக்களிலிருந்து அவற்றைப் பிரித்தெடுத்தார். (பறவைகளின் சிவப்பணுவில் உட்கரு உண்டு, நம்முடையதில் கிடையாது. அதனால்தான் வாத்து.) அவை என்ன செய்கின்றன என்று புரிய இன்னும் தொண்ணூறு ஆண்டுகள் பிடித்தன. 1974இல் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் நூலில் கோத்த மணிகள் போன்ற காட்சி தெரிந்தது. அதே ஆண்டு ரோஜர் கோர்ன்பெர்க் அந்த மணியின் அமைப்பை விளக்கினார். 1997இல் சூரிச்சில் கரோலின் லூகரும் திமோதி ரிச்மண்டும் உடன் ஆய்வாளர்களும் அதன் அணு அளவிலான படத்தை வெளியிட்டார்கள்.

மணியைக் கிட்டத்தில் பார்ப்போம். எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்று நான்கு வகை ஹிஸ்டோன்கள், ஒவ்வொன்றிலும் இரண்டு, ஆக எட்டு சேர்ந்து ஒரு குட்டை உருளை. அதன்மேல் 147 எழுத்து நீள டிஎன்ஏ இடப்புறமாக ஏறத்தாழ ஒன்றேமுக்கால் சுற்றுச் சுற்றியிருக்கிறது. நீட்டினால் 50 நானோமீட்டர் வரும் நூல், 11 நானோமீட்டர் அகல வட்டுக்குள் அடங்கிவிடுகிறது. ஒரு மணிக்கும் அடுத்ததற்கும் இடையே சிறு துண்டு நூல். இப்படி ஓர் உயிரணுவில் சுமார் மூன்று கோடி மணிகள்.

பட்டாணிச் செடியின் எச்4 புரதத்தையும் கன்றுக்குட்டியின் எச்4 புரதத்தையும் ஒப்பிட்டால், 102 அமினோ அமிலங்களில் இரண்டு மட்டுமே வேறுபடுகின்றன. செடியும் மாடும் பிரிந்து நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இந்த உருளையில் கைவைக்கப் பரிணாமம் துணியவில்லை. முதன்முதலில் இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஹிஸ்டோன்களின் வால்கள் உருளைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றில்தான் குறியிடப்படுகிறது. அசிட்டைல் தொகுதி ஒட்டினால் நேர்மின் சுமை குறைந்து பிடி தளரும். அந்தப் பகுதி படிக்க ஏதுவாகும். எச்3 வாலின் 9ஆம் இடத்தில் மூன்று மீத்தைல் தொகுதிகள் ஒட்டினால், ஒட்டிக்கொள்ளும் தன்மையுள்ள வேறு புரதங்கள் வந்து சேரும். அந்தப் பகுதி இறுகும். இந்தக் குறிகளை நினைவில் வையுங்கள். ஆறாம் படியில் இவைதான் யார் எந்தப் பக்கம் போவது என்று முடிவு செய்யப்போகின்றன.

படி 3: பழைய படத்தை மறந்துவிடுங்கள்

பாடநூல்களில் பல தலைமுறைகளாக ஒரு படம் வருகிறது. மணிகள் கோத்த நூல், அடுத்து அது சுருள்வில் போல ஒழுங்காகச் சுற்றிய 30 நானோமீட்டர் இழை, அதற்கு மேல் இன்னொரு சுருள், கடைசியில் எக்ஸ் வடிவக் குரோமோசோம். மாடிப்படி போல அழகான படம். ஆனால் அந்த 30 நானோமீட்டர் சுருள், உயிருள்ள பெரும்பாலான உயிரணுக்களில் தென்படவில்லை. சோதனைக் குழாயில் உப்பின் அளவை மாற்றினால் தெரிவது அது. 2017இல் சால்க் நிறுவனத்தில் குளோடா ஓஷியாவின் குழு, டிஎன்ஏவுக்கு மட்டும் சாயமேற்றி உட்கருவை முப்பரிமாணத்தில் படமெடுத்தது. அவர்கள் கண்டது 5 முதல் 24 நானோமீட்டர் வரை கனம் மாறிக்கொண்டே போகும் ஒழுங்கற்ற சங்கிலி. சில இடங்களில் நெருக்கமாகவும் சில இடங்களில் தளர்வாகவும் அது கிடக்கிறது; இறுக்கம் கூடுவதற்கு அடுத்த மட்டச் சுருள் எதுவும் தேவைப்படவில்லை.

மாணவர்கள் இந்தச் சுருளைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்து, பிறகு மேலே படிக்கும்போது அதை மறக்கப் பாடுபடுவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

படி 4: கண்ணி எப்படி விழுகிறது

இப்போது நூலையும் சாவி வளையத்தையும் எடுங்கள். நூலை மேசைமேல் கிடத்தி, அதன் நடுவில் ஓரிடத்தைக் கிள்ளிச் சிறு மடிப்பாக்கி வளையத்துக்குள் நுழைத்துவிடுங்கள். வளையத்தை ஒரு கையால் அசையாமல் பிடித்துக்கொண்டு, மடிப்பை மறு கையால் இழுங்கள். வளையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கண்ணி வளர்ந்துகொண்டே போகும். நூலில் வெகுதூரத்தில் இருந்த இரண்டு இடங்கள் வளையத்தின் வாயில் வந்து சந்திக்கின்றன. கண்ணி வளர வளர அந்த இரண்டு இடங்களும் மாறிக்கொண்டே இருக்கின்றன.

உட்கருவில் இந்த வளையத்தின் பெயர் கொஹீசின். அது ஏடிபியைச் செலவழித்து நூலைத் தானே இழுத்துக் கண்ணியாக்கும் இயந்திரம். நிப்பிஎல் என்ற புரதம் அதை நூலில் ஏற்றி இயக்குகிறது. வாப்பிஎல் என்ற புரதம் கழற்றிவிடுகிறது. ஏறி, இழுத்து, சில பத்து நிமிடங்களுக்குள் கழன்று, மறுபடி வேறெங்கோ ஏறும். இப்படி நடக்க வேண்டும் என்று 2015இலும் 2016இலும் எரெஸ் லீபர்மேன் ஐடன், லியோனிட் மிர்னி ஆகியோரின் குழுக்கள் கணினி மாதிரிகளால் வாதிட்டபோது பலர் நம்பத் தயங்கினார்கள். 2018இல் டெல்ஃப்ட், ஹைடல்பெர்க் ஆய்வாளர்கள், கொஹீசினின் உறவுக்காரப் புரதமான காண்டென்சின் ஒற்றை டிஎன்ஏ நூலைக் கண்ணியாக இழுப்பதை நுண்ணோக்கியில் நேரடியாகப் படம்பிடித்தார்கள். அடுத்த ஆண்டு கொஹீசினும் அகப்பட்டது. விநாடிக்கு ஐந்நூறு முதல் ஆயிரம் எழுத்து என்ற வேகத்தில் நூல் உள்ளே போவதை அந்தப் படங்களில் பார்க்கலாம். நாம் மேசைமேல் செய்த அதே வேலை.

வளையம் எங்கே நிற்கும்? காகிதத் துண்டுகள் இதற்குத்தான். இரண்டிலும் ஓர் அம்புக்குறி வரைந்து, நூலில் அரை முழ இடைவெளி விட்டு, அம்புகள் ஒன்றையொன்று நோக்கும்படி ஒட்டுங்கள். இவைதான் சிடிசிஎஃப் என்ற புரதம் உட்காரும் இடங்கள். அதற்கென்று ஏறத்தாழ இருபது எழுத்து நீளத்தில் ஒரு வரிசை உண்டு. அந்த வரிசைக்குத் திசையும் உண்டு. கொஹீசின் இழுத்துக்கொண்டு வரும்போது, தன்னை நோக்கி முகம் காட்டும் சிடிசிஎஃப்பில் முட்டி நிற்கிறது. முதுகு காட்டினால் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறது. ஆகவே நிலையான கண்ணிகளின் இரண்டு அடிகளிலும், நேருக்கு நேர் பார்க்கும் சிடிசிஎஃப் ஜோடியே மிகப் பெரும்பாலும் இருக்கிறது. டிஎன்ஏவை வெட்டித் திருத்தும் கிரிஸ்பர் கருவி கொண்டு ஒரு வரிசையை மட்டும் திருப்பி வைத்தபோது பழைய கண்ணி மறைந்தது. எழுத்து ஒன்றும் குறையவில்லை, திசை மட்டும்தான் மாறியது.

இந்தக் கண்ணிகள் கல்லில் செதுக்கியவை அல்ல. எலியின் கருத் தண்டணுக்களில் ஒரு கண்ணியின் இரண்டு அடிகளுக்கும் ஒளிரும் குறியிட்டு, உயிரோடு இருக்கும்போதே எம்ஐடி ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். 2022இல் வெளியான முடிவின்படி, அந்தக் கண்ணி முழுமையாக மூடியிருந்தது மொத்த நேரத்தில் 3 முதல் 6 விழுக்காடு மட்டுமே. ஒரு முறை மூடினால் 10 முதல் 30 நிமிடங்கள் நீடித்தது. மீதி நேரத்தில் பெரும்பாலும் பாதி இழுத்த நிலை. உட்கரு ஓய்வில்லாமல் நூலை இழுப்பதும் விடுவதுமாக இருக்கிறது.

படி 5: வேலி போட்ட வட்டாரங்கள்

கண்ணிகள் இப்படி வேலிகளுக்கு இடையே விழுந்து எழுவதால், ஒரு வேலிக்குள் இருக்கும் எழுத்துகள் தங்களுக்குள் அடிக்கடி சந்திக்கின்றன. வேலிக்கு வெளியே இருப்பவற்றை அரிதாகவே சந்திக்கின்றன. இந்த வட்டாரங்களை 2012இல் பிங் ரென், எடித் ஹெர்ட் ஆகியோரின் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. ஆய்வாளர்கள் இதை டாட் என்கிறார்கள். நான் வட்டாரம் என்றே எழுதுகிறேன். சில லட்சம் எழுத்துகளிலிருந்து பத்து லட்சத்தைத் தாண்டியும் அதன் நீளம் இருக்கும். சானிக் ஹெட்ஜ்ஹாக் அப்படியொரு வட்டாரத்தின் ஒரு கோடியில் இருக்கிறது. இசட்ஆர்எஸ் மறு கோடியில்.

வேலியின் மதிப்பு அது இடிந்தால் தெரியும். 2015இல் பெர்லினில் ஸ்டெஃபான் முண்ட்லோஸின் குழு, விரல்கள் குட்டையாகப் பிறந்தவர்களின் குடும்பங்களை ஆராய்ந்தது. 2ஆம் குரோமோசோமில் இபிஎச்ஏ4 மரபணுவின் வட்டாரத்தில் ஒரு துண்டு அழிந்திருந்தது; அதோடு ஓரத்து வேலியும் போயிருந்தது. இதனால் இபிஎச்ஏ4க்கு உரிய கைகால் தூண்டிகள் பக்கத்து வட்டாரத்தின் பேக்ஸ்3 மரபணுவைத் தொட ஆரம்பித்தன. கையில் வேலை செய்ய வேண்டியிராத பேக்ஸ்3 கையில் விழித்துக்கொண்டது. எலிகளில் அதே அழிவை உண்டாக்கியபோது அதே விளைவு வந்தது. ஏறத்தாழ அதே துண்டை அழித்து, வேலியை மட்டும் விட்டுவைத்தபோது விரல்கள் சரியாகவே வளர்ந்தன. பாதிப்பு மரபணுவில் இல்லாமல் மடிப்பில் இருக்க முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2017இல் ஐடனின் குழு, மனித உயிரணுக்களில் கொஹீசினைச் சில மணி நேரத்தில் முழுக்கச் சிதைத்தது. கண்ணிகள் அத்தனையும் மறைந்தன. ஆனாலும் அந்த நேரத்துக்குள் பெரும்பாலான மரபணுக்களின் செயல்பாடு பெரிதாக மாறவில்லை. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் மரபணு, கண்ணி போன பிறகும் ஓடும். எப்போது ஓடத் தொடங்குவது என்று கருவில் தீர்மானிக்கும் வேளையில்தான் கண்ணியின் அருமை தெரிகிறது என்பது என் வாசிப்பு. கொஹீசினை ஏற்றும் நிப்பிஎல்லின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானாலே கார்னீலியா டி லாங்கே நோய்த்தொகுதி வருகிறது; கைகால், முகம், மூளை என்று வளர்ச்சியின் பல இடங்களில் அது தாக்குகிறது.

படி 6: ஒத்தது ஒத்ததோடு சேரும்

கொஹீசின் போனபோது கண்ணிகள் மறைந்தன. ஆனால் வேறொரு பெரிய அமைப்பு இன்னும் துலக்கமாகத் தெரிந்தது. வேலை செய்யும் பகுதிகள் ஒன்றாகச் சேர்ந்தும், அடங்கிக் கிடக்கும் பகுதிகள் ஒன்றாகச் சேர்ந்தும் இரண்டு முகாம்களாகப் பிரிந்திருக்கும் அமைப்பு. முதலாவதற்கு ஏ என்றும் இரண்டாவதற்கு பி என்றும் பெயர். இரண்டாம் படியில் பார்த்த குறிகள் இங்கே வருகின்றன. ஒரே வகைக் குறியுள்ள மணிகள் ஒன்றோடொன்று ஒட்டும். ரசத்தின் மேல் மிதக்கும் நெய்த்துளிகள் தாமாகவே கூடிப் பெரிதாவது போலத்தான்.

பி முகாமின் பெரும்பகுதி உட்கருவின் சுவரோரம் இருக்கிறது. சுவரின் உட்புறத்தில் லாமின் என்ற புரதங்களால் பின்னிய வலை உண்டு. மரபுத்தொகுதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அந்த வலையைத் தொடக்கூடியது. லாமின் ஏ பழுதானால் வலையே கோணிவிடும். குழந்தைப் பருவத்திலேயே முதுமை வந்துவிடும் புரோஜீரியா நோய்க்கு லாமின் ஏ மரபணுவின் மாற்றம்தான் காரணம் என்று 2003இல் தெரிய வந்தது.

சுவரும் ஒட்டும் குணமும், இவற்றில் எது முக்கியம்? இதற்கு விடை இரவில் நடமாடும் விலங்குகளின் கண்ணில் கிடைத்தது. சாதாரண உட்கருவில் இறுகிய பகுதி ஓரத்திலும் தளர்ந்த பகுதி நடுவிலும் இருக்கும். எலியின் விழித்திரையில் மங்கிய ஒளியை உணரும் கோல் உயிரணுக்களில் இது அப்படியே தலைகீழ். இறுகியதெல்லாம் நடுவே ஒரே உருண்டையாகத் திரண்டு, வேலை செய்யும் பகுதி அதைச் சுற்றித் தோல் போல இருக்கிறது. 2009இல் இரினா சொலோவெய் முதலான ஆய்வாளர்கள் மியூனிக்கிலிருந்து இதை வெளியிட்டார்கள். பாலூட்டிகளின் விழித்திரையில் ஒளி, பல அடுக்கு உட்கருக்களைத் தாண்டித்தான் உணரும் முனையை அடைய வேண்டும். நடுவே திரண்ட உருண்டை ஒரு குட்டி வில்லை போல ஒளியைக் குவித்து அடுத்த அடுக்குக்கு அனுப்புகிறது, சிதறல் குறைகிறது. எலிக்குட்டி பிறக்கும்போது இந்த உட்கருக்கள் சாதாரணமாகவே இருக்கின்றன. பிறந்த பிறகு சில வாரங்களில் மெல்லத் தலைகீழாகின்றன. அந்த உயிரணுக்களில் லாமின் ஏயும் சுவரோடு பிணைக்கும் இன்னொரு புரதமும் இல்லை. ஒட்டும் குணம் மட்டும் இருந்தால் இறுகிய பகுதி நடுவுக்குப் போய்விடும். ஓரத்தில் நிறுத்தி வைக்க ஆணி அடிக்க வேண்டும். இருட்டில் பார்ப்பதற்காக டிஎன்ஏவின் மடிப்பையே கண்ணாடியாக்கிக்கொண்ட அந்தச் சுண்டெலியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

இதே படியில் நியூக்ளியோலசையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ரைபோசோம் ஆர்என்ஏ மரபணுக்கள் 13, 14, 15, 21, 22 ஆகிய ஐந்து குரோமோசோம்களில் பிரிந்து கிடக்கின்றன. அவை ஒன்றுகூடும் பொதுத் திண்ணை அது.

படி 7: ஒவ்வொரு குரோமோசோமுக்கும் ஓர் இடம்

இருபது கிலோமீட்டர் நூல் என்றதும், 46 துண்டுகளும் இடியாப்பம் போல ஒன்றுக்குள் ஒன்று கலந்திருக்கும் என்றுதான் தோன்றும். 1970களில் பலர் அப்படித்தான் நினைத்தார்கள். ஜெர்மனியில் தாமஸ் கிரேமர், கிறிஸ்டோஃப் கிரேமர் என்ற சகோதரர்கள் உட்கருவின் ஒரு சிறு புள்ளியில் மட்டும் புறஊதா லேசரைப் பாய்ச்சிப் பார்த்தார்கள். எல்லாம் கலந்திருந்தால் எல்லாக் குரோமோசோம்களிலும் காயம் தெரிய வேண்டும். சிலவற்றில் மட்டுமே தெரிந்தது. ஆக, ஒவ்வொன்றும் தனக்கென ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. 1909லேயே தியோடோர் போவெரி இதைச் சொல்லியிருந்தார்.

யார் எங்கே இருக்கிறார்கள் என்பதிலும் ஒழுங்கு உண்டு. மரபணுக்கள் குறைவான 18ஆம் குரோமோசோம் சுவரோரம்; மரபணுக்கள் நெருக்கமான 19ஆம் குரோமோசோம் நடுவில்.

படி 8: பிரிவின்போது எல்லாவற்றையும் கலைத்தல்

உயிரணு பிரியத் தொடங்கியதும், வட்டாரங்களும் முகாம்களும் கலைகின்றன. கொஹீசினின் பெரும்பகுதி இறங்கிவிட, காண்டென்சின் அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. அது போடும் கண்ணிகளுக்குச் சிடிசிஎஃப் வேலி தடையில்லை. கொசுவம் வைப்பதை நினைத்துப் பாருங்கள்: ஆறு கஜச் சேலை, ஒவ்வொரு மடிப்பாக விரல்களுக்குள் வந்து, அடுக்கடுக்காக நின்று, கடைசியில் ஒரு கைப்பிடிக்குள் அடங்கிவிடுகிறது. விரல்கள் பிடித்திருக்கும் இடம் காண்டென்சின் அச்சு. பக்கத்தில் விரிவது கண்ணிகள். பாடநூலின் எக்ஸ் வடிவம் இதுதான். பிரிவு முடிந்ததும் கொசுவம் கலைந்து, குறிகளையும் வேலிகளையும் அடையாளமாகக் கொண்டு பழைய மடிப்பு சில மணி நேரத்தில் திரும்ப எழுகிறது.

படி 9: இதையெல்லாம் எப்படி அளந்தார்கள்

2002இல் யோப் டெக்கர் ஒரு வழி கண்டார். 2009இல் அது முழு மரபுத்தொகுதிக்கும் விரிந்து ஹை-சி ஆயிற்று. ஆய்வகத்தில் நடப்பது இது. சில லட்சம் முதல் சில கோடி உயிரணுக்களை எடுத்து ஒரு விழுக்காடு ஃபார்மால்டிஹைடில் பத்து நிமிடம் வைக்கிறார்கள். அந்தக் கணத்தில் அருகருகே இருந்தவை அப்படியே ஒட்டிப்போகும். பிறகு டிஎன்ஏவை ஒரு வெட்டு நொதியால் வெட்டுகிறார்கள். எம்போ-1 என்ற நொதி ஜி-ஏ-டி-சி வரும் இடமெல்லாம் வெட்டும். சராசரியாக 256 எழுத்துக்கு ஒரு முறை. வெட்டுமுனைகளைப் பயோட்டின் ஒட்டிய எழுத்துகளால் நிரப்பி, இணைக்கும் நொதியைச் சேர்த்தால், பக்கத்தில் இருக்கும் முனைகள் ஒன்றோடொன்று இணைந்துகொள்ளும். நூலில் பத்து லட்சம் எழுத்து தள்ளியிருந்த இரண்டு துண்டுகள் இப்போது ஒரே துண்டு. ஃபார்மால்டிஹைடு பிணைப்பை அவிழ்த்து, டிஎன்ஏவைச் சிறு துண்டுகளாக உடைத்து, பயோட்டின் உள்ளவற்றை மட்டும் காந்த மணிகளால் பொறுக்கி எடுத்து, இரு முனைகளையும் வாசிக்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு சந்திப்பின் சாட்சி. 2014இல் ஐடனின் குழு ஜிஎம்12878 என்ற மனித உயிரணு வரிசையில் மட்டும் 490 கோடி சந்திப்புகளைச் சேகரித்து, ஏறத்தாழ பத்தாயிரம் கண்ணிகளை அடையாளம் கண்டது.

படி 10: வரைபடத்தை நீங்களே வாசியுங்கள்

அந்த 2014 தரவை, ஐடன் ஆய்வகம் உருவாக்கிய ஜூஸ்பாக்ஸ் என்ற இலவச மென்பொருளில் இணைய உலாவியிலேயே திறக்கலாம். திறந்ததும் வரைபடப் பட்டியலில் ஜிஎம்12878ஐத் தேர்ந்தெடுங்கள். சதுரமான ஒரு படம் வரும். இரு பக்கங்களிலும் அதே மரபுத்தொகுதி. ஒரு புள்ளி எவ்வளவு சிவப்போ, அந்தக் கிடைவரியிலும் நெடுவரியிலும் இருக்கும் இரண்டு இடங்கள் அவ்வளவு அடிக்கடி சந்தித்தன என்று பொருள். மூலைவிட்டம் எப்போதும் மிகச் சிவப்பு. நூலில் அடுத்தடுத்து இருப்பவை சந்திக்காமல் எப்படி இருக்கும்?

முழுப் படத்தில் குரோமோசோம்கள் தனித்தனிக் கட்டங்களாகத் தெரிவது ஏழாம் படி. ஒரு குரோமோசோமுக்குள் போனால் சதுரங்கப் பலகை போல ஏற்ற இறக்கமாகத் தெரிவது ஆறாம் படியின் இரண்டு முகாம்கள். இன்னும் நெருங்கினால் மூலைவிட்டத்தின் மேல் வரிசையாகச் சதுரங்கள் அமர்ந்திருக்கும், அவை வட்டாரங்கள். சில சதுரங்களின் வெளி மூலையில் பொட்டு வைத்தது போல ஒரு சிவப்புப் புள்ளி இருக்கும். அது சிடிசிஎஃப் ஜோடி பிடித்திருக்கும் கண்ணி. கே562 என்ற இரத்தப் புற்றுநோய் உயிரணுவின் வரைபடத்தைத் திறந்தால், 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் சந்திக்கும் கட்டத்தில் இருக்கக் கூடாத கடும் சிவப்பு தெரியும். அங்கே இரண்டும் உடைந்து ஒட்டியிருக்கின்றன. பிலடெல்பியா குரோமோசோம் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான்.

வாசிக்கும்போது இரண்டு தவறுகளைத் தவிருங்கள். இது பல லட்சம் உயிரணுக்களின் சராசரி. சதுரம் தெரிவதால் ஒவ்வோர் உயிரணுவிலும் அந்தச் சதுரம் இருக்கிறது என்று நினைத்துவிடாதீர்கள்; நான்காம் படியின் 3 முதல் 6 விழுக்காட்டை நினைவில் கொள்ளுங்கள். இரண்டாவதாக, சந்திப்பு வேறு, விளைவு வேறு. பொட்டு இருக்கும் இடமெல்லாம் மரபணு இயங்குகிறது என்று பொருளில்லை. இவை தவிர, திருத்தம் செய்யாத எண்ணிக்கையை ஒருபோதும் நம்பாதீர்கள். சமன்செய்த தரவைத் தேர்ந்தெடுக்கும் வசதி அந்த மென்பொருளிலேயே இருக்கிறது.

இப்போது 7ஆம் குரோமோசோமுக்குப் போய், 15.5 கோடியாவது எழுத்துக்கும் 15.7 கோடியாவது எழுத்துக்கும் இடைப்பட்ட பகுதியைப் பெரிதாக்குங்கள். மூலைவிட்டத்தின் மேல் ஏறத்தாழ பத்து லட்சம் எழுத்து அகலத்தில் ஒரு சதுரத்தைத் தேடுங்கள். அதன் ஒரு முனையில் சானிக் ஹெட்ஜ்ஹாக். மறு முனையில், எல்எம்பிஆர்1 என்ற வேறொரு மரபணுவின் ஐந்தாம் இன்ட்ரானுக்குள் (புரதக் குறியீடு இல்லாத இடைப்பகுதி), ஆறாவது விரலை முளைக்க வைத்த அந்தத் தூண்டிப் பகுதி. நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது இரத்த அணு வகை. கைகால் மொட்டு அல்ல. இங்கே அந்த மரபணு உறங்குகிறது. ஆனாலும் இரண்டு முனைகளையும் ஒரே வேலிக்குள் வைத்திருக்கும் சதுரம் இங்கேயும் இருக்கிறது.